வன்னியிலிருந்து 24 மணிநேரப் பந்தயத்துக்கு: நெடும்பந்தயச் சாரதியாக ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் என் கராஜில் தொழில் பழகும் பையன் ஒருவன், கிளட்ச் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணை, லு மான் பந்தயத்தில் ஓடுவதற்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?" பக்கத்தில் நின்ற டிப்பர் சாரதி தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்த பிறகு இதே கேள்வியை நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவைக்கிறேன்.

விண்ணப்பப் படிவம் என்று ஒன்று கிடையாது. அரச வேலை மாதிரிப் பரீட்சை எழுதிப் போகிற இடமும் இல்லை. ஆனால் படிகள் இருக்கின்றன.

படி 1: எந்த வேலைக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிரான்சில் நடக்கும் லு மான் 24 மணிநேரப் பந்தயம் 1923 இல் தொடங்கியது. ஒரு சுற்று 13.626 கிலோமீற்றர். அதில் பெரும்பகுதி மற்ற நாள்களில் ஊர்ச்சனம் ஓடும் சாதாரண வீதி. ஒரு காருக்கு மூன்று சாரதிகள். எவரும் ஆறு மணி நேரத்துக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதாவது நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், குறைந்தது பத்து மணி நேரம் அந்தக் கார் இன்னொருவர் கையில் இருக்கும். இந்தத் தொழிலின் குணம் முழுதும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. ஃபோர்முலா 1 சாரதிக்குக் கார் அவருடையது. நெடும்பந்தயச் சாரதிக்கு அது இரவல். வாங்கியதைச் சேதமில்லாமல் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்.

லு மானில் மூன்று வகைக் கார்கள் ஒரே வீதியில் ஒரே நேரத்தில் ஓடுகின்றன: ஹைப்பர்கார், எல்.எம்.பி.2, எல்.எம்.ஜி.ரி.3. கடைசி வகைதான் விற்பனைக்கு வரும் ஃபெராரி, போர்ஷ் போன்றவற்றிலிருந்து செய்யப்படும் பந்தயக் கார். ஹைப்பர்கார் ஒரு சுற்றை ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் முடிக்கும், ஜி.ரி.3 க்கு நான்கு நிமிடமளவில் போகும். கணக்குப் பாருங்கள்: ஒவ்வொரு ஹைப்பர்காரும் அரை மணிக்கு ஒரு தடவை உங்களைக் கடந்து போகும். ஏ9 வீதியில் இரவுச் சொகுசு பஸ் பின்னால் வந்து வெளிச்சம் அடிக்கும்போது லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் ஓட்டுகிறவர் என்ன செய்வாரோ, அதை மணிக்கு 280 கிலோமீற்றர் வேகத்தில், ஒரு விநாடியும் இழக்காமல் செய்ய வேண்டும்.

இனி எவரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்காத பகுதி. சர்வதேச மோட்டார் சம்மேளனம் சாரதிகளை பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. வெண்கலம் என்றால் பெரும்பாலும் தொழிலதிபர்: வயது வந்தபின் பந்தயத்துக்கு வந்தவர், பணம் உள்ளவர். எல்.எம்.ஜி.ரி.3 காரில் ஒரு வெண்கலச் சாரதி கட்டாயம். ஹைப்பர்காரில் அவருக்கு இடமே இல்லை. ஜி.ரி. உலகின் அடுப்பு எரிவது இந்த வெண்கலக்காரரின் பணத்தில்தான். அணிக்கு அவர் பணம் கொடுக்கிறார். அந்தப் பணத்தில் அணி ஒரு தொழில்முறைச் சாரதியைச் சம்பளத்துக்கு வைக்கிறது. அந்தச் சாரதியின் வேலையில் பாதி ஓட்டுவது, மீதிப் பாதி வெண்கலக்காரருக்குக் கற்றுக்கொடுப்பது. பொறுமையில்லாதவருக்கு, அடுத்தவர் பிழையை முகம் சுளிக்காமல் திருத்தத் தெரியாதவருக்கு, இது சரிவராது.

இளவயதில் தொடங்குகிறவர் பொதுவாக வெள்ளியில் சேர்க்கப்படுவார். தங்கத்தின் வேகத்தில் ஓடும் வெள்ளிச் சாரதிக்குத்தான் சந்தையில் மவுசு. விதி வெள்ளி கேட்கும் இடத்தில் அவரைப் போட்டால் அணிக்கு இலாபம். நம் பிள்ளைகள் குறிவைக்க வேண்டிய கதவு இதுதான்.

படி 2: செலவில்லாமல் செய்யக்கூடியதை இங்கேயே செய்யுங்கள்

வன்னியில் பந்தயத் தடம் இல்லை. ஆனால் சில விடயங்கள் கொழும்புப் பிள்ளைகளைவிட நமக்குக் கிட்ட இருக்கின்றன.

ஒன்று, வெப்பம். மூடிய பந்தயக் காருக்குள் தீத்தடுப்பு உடையும் தலைக்கவசமும் போட்டு இருப்பது சித்திரை மாதத்து மத்தியானம் தகரக் கொட்டிலுக்குள் அறுவடை இயந்திரம் திருத்துவதற்குச் சமம். நமக்கு உடம்பு பழகியிருக்கிறது. ஆனாலும் பயிற்சி தேவை: ஓட்டம், சைக்கிள், கழுத்து, முன்கை. ஜிம்முக்குக் காசு வேண்டாம். பழைய மோட்டார் சைக்கிள் ரியூபைக் கதவில் கட்டி, தலையில் மாட்டி, நான்கு பக்கமும் இழுத்துப் பழகலாம். மெதுவாகத் தொடங்குங்கள், கழுத்து விளையாட்டுப் பொருள் இல்லை.

இரண்டு, இயந்திரக் காது. காலபோக அறுவடையில் மழை வருமுன் முடிக்க இரவிரவாக ஆள் மாறி ஆள் இயந்திரம் ஓட்டியவருக்கு, சத்தம் மாறினால் எது பிழை என்று தெரியும். "பின் வலது பக்கம் அதிர்கிறது, பிரேக் பிடித்தால் குறைகிறது" என்று காரிலிருந்து அணியோடு பேசும் வானொலியில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த சாரதியைப் பொறியியலாளர்கள் விடமாட்டார்கள். ஆகவே ஒரு கராஜில் ஒரு வருடமாவது கை அழுக்காகுங்கள்.

மூன்று, கட்டாக்காலி மாடுகள். மாங்குளத்துக்கும் பரந்தனுக்கும் இடையே இரவில் வாகனம் ஓட்டியவருக்கு, வெளிச்சம் விழும் இடத்துக்கு அப்பால் பார்க்கும் பழக்கம் தானாக வரும். இருட்டில் இரண்டு கண் மின்னினால் கால் முதலிலேயே எழும்பிவிடும். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏ9 இல் வேகம் பழக வேண்டாம். சிறுவயதில் நானும் ஒரு மோட்டார் சைக்கிளில் அந்த முட்டாள்தனத்தைச் செய்தவன்தான். இடது முழங்கால் மழைக்கு முதல்நாளே எனக்குச் சொல்லிவிடும்.

படி 3: சிமுலேற்றரில் சுற்று நேரத்தை அல்ல, இடைவெளியைப் பாருங்கள்

கணினிப் பந்தயத்தில் தொடங்கி உண்மைத் தடத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபைச் சேர்ந்த ஜான் மார்டன்பரோ 2011 இல் நிசானின் ஜி.ரி. அகடமியை வென்றார், 2013 இல் லு மானில் தன் பிரிவில் மூன்றாம் இடம். அந்தப் போட்டி இன்று இல்லை, ஆனால் வழி முற்றாக மூடவில்லை.

நல்ல கணினி, அதிர்வைத் திருப்பித் தரும் ஸ்டியரிங், அழுத்தத்தை அளக்கும் பிரேக் மிதி என்பவை வேண்டும். மூன்றிலும் பணம் குறைவென்றால் பிரேக் மிதியில் குறைக்காதீர்கள். இடது காலால் பிரேக் பிடிக்கப் பழக வேண்டும்; வான் ஓட்டிப் பழகிய காலுக்கு இது எழுதும் கையை மாற்றுவது போல இருக்கும்.

பயிற்சி இப்படி. ஒரே காரில் ஐம்பது நிமிடம் நிற்காமல் ஓடுங்கள். ஒவ்வொரு சுற்று நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். மிக வேகமான சுற்றை மறந்துவிடுங்கள். மிக மெதுவான சுற்றுக்கும் மிக வேகமான சுற்றுக்கும் இடையே எத்தனை விநாடி? அது ஒரு விநாடிக்குள் வரும்வரை அதே தடத்தை விடாதீர்கள். வந்தபின் எரிபொருளைச் சேமித்து ஓடுங்கள்: பிரேக் பிடிக்கும் இடத்துக்கு முன்பே காலை எடுத்துக் காரை உருளவிட்டு, பிறகு பிரேக். ஐந்து வீதம் எரிபொருள் மிச்சம் பிடித்தும் நேரம் கெடாமல் இருந்தால், ஒரு அணியிடம் காட்ட உங்களிடம் ஒன்று இருக்கிறது.

இடையில் மின்சாரம் போகும். போனால் தலையில் ஓடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு லு மானின் ஒரு சுற்றை, கியர் மாற்றம் உட்பட, நேரம் வைத்துச் சொல்லிப் பாருங்கள். பெரிய சாரதிகளும் இதைச் செய்கிறார்கள்.

படி 4: உள்ளூர்ப் பந்தயம், உரிமம், உடை

இலங்கையில் சர்வதேச சம்மேளனத்தோடு இணைந்த அமைப்பு ஸ்ரீலங்கா ஒட்டோமொபைல் ஸ்போர்ட்ஸ். போட்டி உரிமம் அங்கிருந்துதான். வெளிநாட்டில் ஓடுவதானாலும் சொந்த நாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். ஆகவே அவர்களுடைய கோப்பில் உங்கள் பெயர் முதலில் இருக்கட்டும். மருத்துவப் பரிசோதனை உண்டு. கண்பார்வை கண்ணாடியோடு சரியாக இருந்தால் போதும்.

தொடங்க வேண்டிய இடம் பண்டாரகமையில் உள்ள கார்ட்டிங் தடம். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு போய், அங்கிருந்து தெற்கே. ஒரு நாள் பயணம், ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் திரும்பல். எட்டு வயதில் தொடங்குகிறவர்களோடு பதினெட்டு வயதில் போட்டி போடுகிறோம் என்பதை மறக்காதீர்கள். பிறகு கட்டுக்குருந்தவில் சுற்றுப் பந்தயம், நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம். நிசான் மார்ச், ஃபோர்ட் லேசர், மஸ்டா போன்ற சிறிய கார்களுக்கு இங்கே தனிப் பிரிவுகள் நடக்கின்றன. பழகுவதற்கு அவைதான் சரி.

வவுனியாவுக்கு மிகக் கிட்ட நடப்பது அனுராதபுரம் சாலியபுரத்தில் கஜபா சூப்பர்குரோஸ். பெயரே சொல்கிறது, அது இராணுவப் படையணியின் ஏற்பாடு. தியத்தலாவ ஃபொக்ஸ்ஹில் பந்தயமும் இராணுவம் சார்ந்ததுதான். 2009 ஐக் கடந்து வந்த வன்னி வீடொன்றில் "அங்கே ஓடப் போகிறேன்" என்று பிள்ளை சொல்வது சின்ன விடயமில்லை. அம்மா ஒரு கிழமை பேசாமல் இருக்கலாம். போவதா விடுவதா என்பது அவரவர் வீட்டு முடிவு. நான் அதில் புத்தி சொல்ல வரவில்லை. ஆனால் எந்தத் தடமானாலும் பார்வையாளர் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். 2024 ஏப்ரல் 21 அன்று ஃபொக்ஸ்ஹில்லில் ஒரு கார் தடம் விலகிக் கூட்டத்துக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். உங்களைப் பார்க்க வரும் தம்பி, தங்கைகளை வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கவிடாதீர்கள்.

உடை வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். தீத்தடுப்பு உடையில் 8856-2018 என்ற எண் இருக்க வேண்டும். கழுத்துப் பாதுகாப்புக் கருவிக்கு 8858. இணையத்தில் மலிவாக வருபவற்றில் போலி அதிகம். நெருப்புக்கு முத்திரை வாசிக்கத் தெரியாது.

படி 5: மொழி தெரிந்த இடம் சென்னை

கொழும்பை மட்டும் பார்க்க வேண்டாம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிறது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர், கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே. இந்தியாவின் மோட்டார் பந்தயம் பெரும்பாலும் இந்த இரண்டு ஊர்களில் வளர்ந்தது. மெக்கானிக்கிடம் தமிழில் பேசி, தமிழில் திட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளக்கூடிய இடம் இது. ஆரம்பத்தில் அது பெரிய வசதி. பிறகு ஆங்கிலம் தவிர்க்க முடியாது. வானொலியில் "பொக்ஸ், பொக்ஸ்" என்றால் பிட்டுக்குள், அதாவது எரிபொருளுக்கும் டயருக்கும் கார் நிற்கும் இடத்துக்குள், வா என்று அர்த்தம்.

சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012 இல் லு மானில் ஓடிய முதல் இந்தியர்; அவருடைய கார் ஒட்டுமொத்தத்தில் ஆறாவது. அவருக்கு மூன்று வருடம் முன்பே கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியவர். 2009 இல் ஔடி காரில் ஓட இருந்தபோது, பந்தயத்துக்கு முன் பிட் சுவரில் விழுந்து தோள்மூட்டு விலகிப் போனது. மூவர் ஓட வேண்டிய காரை மற்ற இருவர் 24 மணி நேரமும் இழுத்து ஏழாம் இடத்தில் முடித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் ஆன்ட்ரே லொட்டரர். அடுத்த வருடம் ஔடி அவரைத் தன் சொந்த அணிக்கு எடுத்தது. பிறகு அவர் மூன்று முறை லு மான் வென்றார். நம் ஆள் ஒருவரின் தோள் இன்னொருவருக்குத் தொழில் கொடுத்தது. டென்மார்க் சாரதி டொம் கிறிஸ்டென்சன் கதையும் அப்படித்தான். 1997 இல் காயப்பட்ட ஒருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு முதல் தடவையிலேயே வென்றார். மொத்தம் ஒன்பது வெற்றி. கடவுச்சீட்டும் உடற்தகுதியும் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

படி 6: ஒப்படைக்கப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள்.

சாரதி மாற்றம் எரிபொருள் நிறுத்தத்தோடு நடக்கும். வெளியேறுகிறவர் பட்டிகளைக் கழற்றி, வானொலிக் கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் பிடுங்கி, தன் முதுகு மெத்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். ஏறுகிறவர் தன் மெத்தையோடு விழுந்து உட்காருவார். பிறகு இறங்கியவரே குனிந்து அவருக்குப் பட்டி மாட்டிவிட வேண்டும். நான் ஓடி முடித்துவிட்டேன், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று போக முடியாது.

எங்கள் கராஜில் கழித்துப் போட்ட டொல்பின் வானின் முன் இருக்கையை ஒரு கூட்டுக்குள் வைத்து, லொறியில் சாமான் கட்டும் பட்டியால் ஆறு முனைப் பட்டி செய்திருக்கிறோம். மேலே குறுக்காக ஒரு குழாய், தலை இடிபட. முதல்நாள் இரண்டு பையன்களும் எடுத்த நேரம் 52 விநாடி. காணொளியில் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இடது தோள்பட்டி ஒவ்வொரு தடவையும் முறுகிக் கிடக்கிறது, அதை நேராக்கவே ஆறு விநாடி போகிறது. இறங்குகிறவன் பட்டியை எறிந்துவிட்டு வருகிறான். எறியாதே, இருக்கையின் இரு பக்கமும் விரித்துத் தொங்கவிட்டு வா என்றேன். அன்று மாலையே 38. வண்டியை விட்டு இறங்கும்போது அடுத்தவனை நினைக்கிற பழக்கம் எல்லாருக்கும் உடனே வருவதில்லை.

ஓட்டத்திலும் இதுதான். ஒரு தடவை எரிபொருள் நிரப்பினால் லு மானில் ஜி.ரி. கார் முக்கால் மணிக்கு மேல் ஓடும். ஒரே சாரதி இரண்டு, மூன்று முறை தொடர்ந்து ஓடுவது வழக்கம். டயரையும் சிலவேளை மாற்றமாட்டார்கள். முதல் இருபது நிமிடத்தில் டயரைக் கருக்கி நேரம் பிடிப்பவர், கடைசி இருபது நிமிடத்தில் அதை வட்டியோடு கட்டுவார். இறங்கியதும் அடுத்தவர் காதில் சொல்ல மூன்று வசனம் தயாராக இருக்க வேண்டும்: எங்கே வழுக்குகிறது, பிரேக் எப்படி, எந்தக் கார் குறுக்கே வருகிறது. அதற்கு மேல் சொன்னால் கேட்கமாட்டார்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் தோற்கலாம். 2016 இல் முன்னணியில் ஓடிய டொயோட்டா, பந்தயம் முடிய சில நிமிடங்களே இருக்கையில் சக்தி இழந்து பிட் சுவருக்கு முன்னால் நின்றது. உள்ளே இருந்தவர் கஸுகி நகஜிமா. 23 மணி 50 நிமிடத்துக்கும் மேல் மூன்று பேர் பார்த்துப் பார்த்து ஓட்டிய கார். வென்றது போர்ஷ்.

படி 7: ஆசியா, பிறகு ஜேர்மனி

ஒரே வகைக் கார்கள் ஓடும் தொடர்கள் முதல் ஏணி: போர்ஷ் கரேரா கப் ஆசியா, லம்போகினி சூப்பர் ட்ரோஃபியோ ஆசியா. இரண்டாவதில் இலங்கையின் டிலந்த மாலகமுவ ஓடியிருக்கிறார். நியூசிலாந்தின் ஏர்ல் பாம்பர் 2013, 2014 இல் கரேரா கப் ஆசியாவை வென்றார். 2015 இல் போர்ஷ் அணியோடு லு மானையே வென்றார். ஆசியாவிலிருந்து போக முடியாது என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அவர். அடுத்தது ஏசியன் லு மான் தொடர்: செப்பாங், துபாய், அபுதாபி போன்ற தடங்களில் நான்கு மணிநேரப் பந்தயங்கள்.

என் சொந்த விருப்பம் ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங். அங்குள்ள நோர்ட்ஷ்லைஃப என்ற தடம் 20.8 கிலோமீற்றர். அங்கே சிறிய கார்களுக்கும் இடமுண்டு. ஒரு இருக்கையை ஒரு பந்தயத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். படிப்படியாக அனுமதி எடுக்க வேண்டும், ஆளைப் பார்த்துத் தருவதில்லை. 2025 செப்டெம்பரில் ஃபோர்முலா 1 சம்பியன் மக்ஸ் வேர்ஸ்டாப்பன்கூட சக்தி குறைத்த போர்ஷ் கேமன் காரில் ஓடித்தான் அந்த அனுமதியைப் பெற்றார். வன்னிப் பையனும் உலகச் சம்பியனும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் உலகத்தில் அதிகமில்லை.

ஜேர்மனியிலோ பிரான்சிலோ சித்தப்பா, மாமி இல்லாத வன்னிக் குடும்பம் குறைவு. அவர்களிடம் பணம் கேட்பதற்கு முன் படுக்க இடம் கேளுங்கள். ஒரு பருவம் முழுக்க வீட்டு வாடகை மிச்சம் என்பது பல அனுசரணையாளர்கள் தருவதைவிடப் பெரியது. விசாவுக்கு அணியின் அழைப்புக் கடிதம், போட்டி உரிமம், திரும்பி வருவீர்கள் என்பதற்கான சான்று வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள்.

படி 8: பணம்

சுருக்கமாக. முழுப் பருவத்துக்கான இருக்கை கோடிக்கணக்கில். காணி விற்க வேண்டாம். ஒருவர் எனக்குத் தெரிந்தவரிடம் "பயிற்சி ஓட்டம் தருகிறோம்" என்று முற்பணம் வாங்கிக்கொண்டு, கார் காட்டாமலே போய்விட்டார். காரின் அடிச்சட்ட இலக்கம், பந்தயப் பதிவு, விபத்துச் சேதத்துக்கு யார் பொறுப்பு, எந்த எல்லைவரை என்ற நான்கும் எழுத்தில் இல்லாவிட்டால் கையொப்பம் இடாதீர்கள். கனவு முறிவது பெரும்பாலும் அந்த மூன்றாவது வரியில்தான்: ஒரு சுவரில் இடித்தால் கட்டணத்தைவிடக் கூடுதலாக ரசீது வரும்.

படி 9: கை, கால் இழந்தவர்களுக்கு

இதை வேறு ஊரில் எழுதினால் அடிக்குறிப்பாகப் போகும். நம் ஊரில் போகாது. போலந்துச் சாரதி ரொபர்ட் குபிட்சாவின் வலது கை 2011 ராலி விபத்தில் சிதைந்தது. 2025 லு மானில் கடைசி மணி நேரங்களை அவரே ஓட்டி ஒட்டுமொத்த வெற்றி பெற்றார். தொற்றினால் இரண்டு கைகளும் இரண்டு கால்களும் இழந்த பிரெஞ்சுக்காரர் ஃபிரெடெரிக் சோசே, மாற்றியமைத்த காரில் 2016 லு மானை ஓடி முடித்தார், 38 ஆம் இடம். கால்கள் செயலிழந்த ரொபர்ட் விக்கன்ஸ் அமெரிக்காவில் கைக்கட்டுப்பாட்டுக் காரில் 2023 இல் தன் பிரிவின் பட்டத்தை வென்றார். சம்மேளனத்தில் இதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. கைக்கட்டுப்பாடு பொருத்திய முச்சக்கர வண்டி ஓட்டும் நண்பர் ஒருவர் எங்கள் கராஜுக்கு வருவார். அவர் பிரேக்கை விடும் மென்மையை நான் பையன்களுக்குக் காட்டியிருக்கிறேன்.

படி 10: இந்தச் சனிக்கிழமை

லு மான் ஜூன் மாதத்தில் நடக்கும். அங்கே மாலை நான்கு மணிக்குக் கொடி விழுந்தால் நமக்கு இரவு ஏழரை. ஒரு தடவையாவது ஞாயிறு இரவு ஏழரைவரை முழுதாகப் பாருங்கள், முன்னணிக் காரை அல்ல, ஒரே ஒரு ஜி.ரி. காரை. யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார், எத்தனை சுற்று என்று கொப்பியில் எழுதுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் எழுதப் பிடித்திருந்தால் நீங்கள் இந்த வேலைக்குச் சரி. சாரதியாக வராவிட்டாலும் டயர்காரராக, மெக்கானிக்காக, தரவு பார்ப்பவராக அதே கூடாரத்துக்குள் வேலை இருக்கிறது.

கேள்வி கேட்ட பையனின் சாரதி மாற்ற நேரம் இப்போது 23 விநாடி. கையுறை போட்டால் 31. கையுறையோடு கொக்கி கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தெரிய வேண்டும். அதனால் இந்தச் சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கராஜைப் பூட்டிவிட்டு விளக்கை அணைத்து ஓடிப் பார்க்கப் போகிறோம். அன்று சிரித்த டிப்பர் சாரதி நேரம் பிடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.